கோப்புப் பரிமாற்றமும் இரண்டு போர்ட்டுகளும்

மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் மாணவர் ஒருவர், சேவையகத்திலிருந்து கோப்பைப் பெற நிரல் எழுதுகிறார். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படுகின்றன. கோப்புப் பட்டியலைக் கேட்டதும் நிரல் அப்படியே நின்றுவிடுகிறது. பிழை நிரலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காரணம், எஃப்.டி.பி. என்னும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை செயல்படும் விதத்திலேயே இருக்கலாம்.

போர்ட் என்பது என்ன?

ஐ.பி. முகவரியைப் பள்ளியின் முகவரி என்று கொண்டால், போர்ட் எண் என்பது வகுப்பறை எண். வந்து சேரும் தகவல் கணினியில் இயங்கும் எந்த நிரலுக்கு உரியது என்பதை அந்த எண்ணே காட்டுகிறது. இது 16 பிட் எண். எனவே 0 முதல் 65,535 வரை அமையும்.

இரண்டு இணைப்புகள்

எஃப்.டி.பி.யின் முதல் வடிவத்தை 1971இல் எழுதியவர் அபய் பூஷண் என்னும் இந்தியர். இன்றும் அடிப்படையாக உள்ள வடிவம் 1985இல் வெளியானது. இதில் கட்டளைகளுக்கு ஓர் இணைப்பு, கோப்புகளுக்கு வேறோர் இணைப்பு. கட்டளைகள் சேவையகத்தின் 21ஆம் போர்ட்டுக்குச் செல்லும். இரண்டாவது இணைப்பை யார் தொடங்குவது என்பதில்தான் சிக்கல் எழுகிறது.

ஆக்டிவ் முறையில், நம் கணினி ஒரு போர்ட் எண்ணை அறிவிக்கும்; சேவையகம் தன் 20ஆம் போர்ட்டிலிருந்து அதற்கு இணைப்பைத் தொடங்கும். வெளியிலிருந்து அழைக்காமல் வரும் இணைப்பை நம் ஃபயர்வால் பெரும்பாலும் தடுத்துவிடும். அதனால்தான் உள்நுழைவு வெற்றி பெற்றும் பட்டியல் வருவதில்லை.

பாசிவ் முறையில், சேவையகம் ஒரு போர்ட் எண்ணை அறிவிக்கும். இரண்டாவது இணைப்பையும் நம் கணினியே தொடங்கும். பைத்தானின் எஃப்.டி.பி. தொகுதி இம்முறையையே இயல்பாகப் பின்பற்றுகிறது. அப்போதும் தடை ஏற்பட்டால், சேவையகப் பக்கத்து ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டுகள் திறந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

போர்ட் எண் இரண்டு எண்களாக அனுப்பப்படுகிறது. முதல் எண்ணை 256ஆல் பெருக்கி, இரண்டாம் எண்ணைக் கூட்ட வேண்டும். 195, 80 என வந்தால்: 195 × 256 + 80 = 50,000. ஒவ்வோர் எண்ணும் 255ஐத் தாண்டாது எனில், மிகப்பெரிய போர்ட் எண் எது? மாணவர்களே கணக்கிட்டு 65,535ஐக் கண்டறியட்டும். இடமதிப்புப் பாடத்துக்கும் இது பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை

எஃப்.டி.பி.யில் கடவுச்சொல்லும் கோப்பும் மறையாக்கம் இன்றியே செல்கின்றன; இடையில் இருப்பவர் படித்துவிட முடியும். எனவே மதிப்பெண் பட்டியல், மாணவர் விவரங்கள் போன்றவற்றை இவ்வழியில் அனுப்பக் கூடாது. அவற்றுக்கு எஸ்.எஃப்.டி.பி. ஏற்றது. அது 22ஆம் போர்ட் வழியாக, மறையாக்கப்பட்ட ஒரே இணைப்பில் இயங்குகிறது. இரண்டாவது இணைப்பு என்ற சிக்கலும் அதில் இல்லை.