எலும்பு வழியாகவும் காது கேட்கும்



மட்டக்களப்பு, கல்லடிப் பாலத்துப் பாடும் மீன்களைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். பூரணை இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு, மறு நுனியைக் காதோடு அணைத்துக் கேட்பார்கள். 1848இல் அங்கு சென்ற எமர்சன் டெனன்ட் என்ற அரசாங்க அதிகாரியும், தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஓசை பலமாகக் கேட்டதாக எழுதியிருக்கிறார். மரம் அதிர்வைக் கொண்டுவருகிறது. மண்டை எலும்பும் அப்படித்தான்.

இரண்டு காதையும் விரலால் அடைச்சிக்கிட்டு பேசிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள்ளேயே பலமாகக் கேட்கும். அது எலும்பு வழியாக உட்காதுக்குப் போகும் சத்தம்.

இதனால் நமக்கு என்ன பயன்? காதில் சீழ் வடிந்து செவிப்பறையில் ஓட்டை விழுந்த பிள்ளைக்கு, காற்று வழியாக வரும் சத்தம் குறைவாகவே கேட்கும். ஆனால் உட்காது நன்றாக இருக்கலாம். வைத்தியர் இசைக்கவையைத் தட்டி, முதலில் காதுக்கு அருகில் பிடிப்பார். பிறகு காதின் பின் எலும்பில் வைப்பார். எலும்பில் வைக்கும்போது கூடுதலாகக் கேட்டால், கோளாறு பெரும்பாலும் வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கும்.

இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு, எலும்பை அதிரச் செய்யும் கருவி உதவும். சிறு பிள்ளைகளுக்கு அதைத் தலைப்பட்டியில் பொருத்தலாம். ஒப்பரேஷன் தேவையில்லை. எலும்பில் டைட்டேனியம் ஆணி பொருத்தும் முறை 1977இல் சுவீடனில் தொடங்கியது. ஆனால் உட்காதோ நரம்போ மிகவும் கெட்டிருந்தால் இது அவ்வளவாக உதவாது. எது சரி என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

பின்னாலிருந்து கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லையா? ரேடியோவைச் சத்தமாக வைக்கிறதா? வகுப்பில் "மந்தம்" என்கிறார்களா? பிள்ளையை ஏசாதீர்கள். படிப்பில் மந்தமில்லை, காதுதான் கேட்கவில்லை என்றும் இருக்கலாம். காலம் கடந்தால் பேச்சும் படிப்பும் பின்தங்கும்.

சீழ் வடியும் காதில் எண்ணெய், தாய்ப்பால் எதையும் ஊற்ற வேண்டாம். ஊசி, தீக்குச்சி விட்டுக் குடைய வேண்டாம். குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் தோட்ட மருந்தகத்தில் காட்டுங்கள். அங்கிருந்து துண்டு வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கிற்குப் போங்கள். ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை. பிள்ளையின் காது பெரிது.