புயல் போன மூன்றாவது வாரம்

“எங்க தெருவுல சாக்கடையும் இல்லை, தண்ணி தேங்குற பள்ளமும் இல்லை. பிள்ளைக்கு டெங்கு எங்கேயிருந்து வந்துச்சு?” பொன்னமராவதிப் பக்கம் மழைக்காலத்தில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இது ஆறு உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகும் பூமி அல்ல. ஊரணியையும் கண்மாயையும் நம்பி வாழும் வறண்ட பூமி. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கொசுவில் பல சாதி உண்டு. சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ். ராத்திரியில் கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் கொண்டுவரும் ஏடிஸ் வேறு. கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வரி. கடிப்பது பகலில், காலையிலும் பொழுது சாயும் முன்பும் மும்முரமாக இருக்கும். அது முட்டையிடத் தேடுவது நாம் பிடித்து வைத்திருக்கும் தெளிந்த தண்ணீரை. சிமென்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், மூடி உடைந்த சின்டெக்ஸ், முற்றத்து ஆட்டுரல், கொட்டாங்கச்சி, பழைய டயர், ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, இவையெல்லாம் அதற்குப் பிரசவ அறைகள்.

இப்போது புயலுக்கு வருவோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, நம் புதுக்கோட்டை மாவட்டத்தைக் கலங்கடித்துவிட்டு மேற்கே போனது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் வராது. லாரியோ ஜெனரேட்டரோ வந்தால், கிடைத்த பாத்திரத்திலெல்லாம் பிடித்து வைப்போம். வேறு வழி கிடையாது. கூடவே உடைந்த ஓடு, தார்ப்பாய் மடிப்பு, குப்பையாய்க் கிடக்கும் இளநீர்க் கூடு என்று மழைத்தண்ணீர் தங்க ஆயிரம் இடம் சேர்ந்துவிடும்.

அங்கிருந்து நாளை எண்ணுங்கள். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். அந்தக் கொசு டெங்குக் காய்ச்சல்காரர் ஒருவரைக் கடித்தால், கிருமி அதன் உடம்பில் பெருகி அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கு வர இன்னும் எட்டிலிருந்து பன்னிரண்டு நாள். அது கடித்தவருக்குக் காய்ச்சல் தெரிய நாலிலிருந்து பத்து நாள். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ மூன்று வாரம் முதல் ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் நிவாரண முகாம் மூடியிருக்கும், செய்தி வேறு ஊருக்குப் போயிருக்கும், நாமும் ஓடு மாற்றி மூச்சு விட்டிருப்போம். காய்ச்சல் அப்போதுதான் வருகிறது. அதனால்தான் புயலையும் காய்ச்சலையும் நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை.

மழை கொட்டினால்தான் டெங்கு என்பதும் இல்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. அதற்கு அடுத்த ஆண்டான 2017இல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் தண்ணீர் அபூர்வமாக வரும் ஊரில்தான் டிரம்கள் நாள்கணக்கில் நிறைந்து நிற்கின்றன. வறட்சியும் புயலும் நம்மை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன: திறந்து கிடக்கும் தொட்டியின் பக்கத்தில்.

தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டினால் போதாதா? போதாது. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். ஆகவே தேங்காய் நாரால் உள்விளிம்பை அழுத்தித் தேய்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது நம் வழக்கம்தானே? அன்றைக்கே டிரம்மையும் தொட்டியையும் தேய்த்துக் காயவைத்து, திரும்பப் பிடித்ததும் துணிகட்டி மூடிவிடுங்கள். வாரம் ஒருமுறை என்பது கொசுவின் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. புகை மருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். முட்டையையும் புழுவையும் தொடாது. காலி செய்ய முடியாத பெரிய தொட்டிக்கு, வீடு தேடி வரும் கொசு ஒழிப்புப் பணியாளரிடம் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றச் சொல்லுங்கள்.

பூட்டிய வீடுகளையும் மறக்கக் கூடாது. நம் செட்டிநாட்டுப் பக்கம் பெரிய வீடுகள் பலவற்றில், சொந்தக்காரர்கள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் வருகிறார்கள். முற்றத்து அண்டாவில் தேங்கிய தண்ணீரைப் பார்க்க உள்ளே ஆள் கிடையாது. சாவி வைத்திருப்பவர் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஒருமுறை திறந்து பார்த்தால் தெருவே பிழைக்கும்.

காய்ச்சல் வந்துவிட்டால் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூபன் வேண்டாம், ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று நிறையக் குடிக்கக் கொடுங்கள். அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்துவிடுங்கள். நிலவேம்புக் குடிநீர் கொடுத்தாலும் அது மருத்துவரைப் பார்ப்பதற்கு ஈடாகாது. முக்கியமாக, காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாகிவிடாதீர்கள். ஆபத்தான நேரமே அதுதான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறில் ரத்தம், சோர்ந்து துவளுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஏடிஸ் வெகுதூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் போனால் அதிகம். உங்கள் பிள்ளையைக் கடித்த கொசு உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோதான் பிறந்திருக்கும். புயலைத் தடுக்க யாராலும் முடியாது. மூன்றாவது வாரத்துக் காய்ச்சலை ஒரு தெரு நினைத்தால் பெருமளவு குறைக்கலாம். அடுத்த புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும்போது மெழுகுவத்தியும் அரிசியும் வாங்கி வைப்பதோடு, டிரம்முக்கு மூடி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.