மூச்சு வாங்குதுன்னு உட்கார்ந்தே இருக்காதீங்க: சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு உதவும் பிசியோதெரபி

உங்க வீட்டுல இப்படி ஒருத்தர் இருக்காரா? முன்னாடி கடைத்தெரு வரைக்கும் நடந்து போய்ட்டு வந்தவர். இப்போ குளிச்சுட்டு வந்து கட்டில்ல உட்கார்ந்தா, பத்து நிமிஷம் மூச்சு வாங்குது. "நீங்க எழுந்திரிக்காதீங்கப்பா, தண்ணி நான் கொண்டு வர்றேன்" என்று எல்லாரும் பாசமா பார்த்துக்கறீங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, அவரால வாசல் வரைக்கும்கூட வர முடியல.

உங்க பாசத்தில் தப்பில்லை. ஆனால் இந்த நோயில் நாள் முழுக்க ஓய்வு எடுப்பது மருந்தாகாது. அளவாக, சரியான முறையில் உடம்பை அசைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். அது எப்படின்னு பார்க்கலாம் வாங்க.

சி.ஓ.பி.டி. என்றால் என்ன?

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைத்தான் மருத்துவர்கள் சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்கிறார்கள். இந்த நோயில் மூச்சுக் குழாய்கள் சுருங்கி, சளி அதிகமாகச் சுரக்கும். நுரையீரலில் உள்ள சின்னச் சின்ன காற்றுப் பைகளும் சேதமாகும். உள்ளே போன காற்று முழுசா வெளியே வராமல் தேங்கிவிடுவதால், அடுத்த மூச்சு இழுக்க இடம் இருக்காது. மூச்சுத் திணறுவது இதனால்தான். 2021-ல் உலக அளவில் சுமார் 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

சிகரெட், பீடி முக்கியமான காரணங்கள். ஆனால் புகைப்பவர்களுக்கு மட்டும்தான் வரும்னு நினைக்காதீங்க. காற்றோட்டமில்லாத சமையலறையில் பல வருஷம் விறகு அடுப்பு ஊதிய அம்மா, பாட்டிக்கும் வரலாம். தூசியிலும் புகையிலும் வேலை பார்த்தவங்களுக்கும் வரலாம். "வயசாச்சு, அதான் இரைக்குது" என்று விட்டுடாதீங்க. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை செய்தால்தான் இந்த நோயை உறுதிசெய்ய முடியும். வெறும் எக்ஸ்ரே போதாது.

நுரையீரல் கெட்டுப்போச்சு, நடந்தா சரியாகுமா?

நியாயமான கேள்விதான். சேதமான நுரையீரலைப் பயிற்சியால் பழையபடி ஆக்க முடியாது. பயிற்சி மாற்றுவது உங்க தசைகளை.

மூச்சு வாங்குதுன்னு நடப்பதைக் குறைக்கிறோம். நடக்காததால் தொடைத் தசையும் கால் தசையும் மெலிகின்றன. பலவீனமான தசை, அதே வேலையைச் செய்ய முன்பைவிட அதிகமாகத் திணறும். அதற்கு ஈடுகொடுக்க இன்னும் வேகமாக மூச்சு விட வேண்டியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் உட்கார்ந்துவிடுகிறோம். இந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும்.

பயிற்சி இந்த வட்டத்தை உடைக்கிறது. கால் பலமானால் அதே தூரத்தைக் குறைந்த மூச்சில் கடக்கலாம். நுரையீரல் அப்படியே இருந்தாலும், தானாகக் குளிக்கவும் கோயிலுக்குப் போய் வரவும் மறுபடி முடிகிறது. வீட்டில் இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும்.

பிசியோதெரபியில் என்ன செய்வாங்க?

இதற்கு நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று பெயர். பொதுவாக வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் வீதம், குறைந்தது 6 முதல் 8 வாரம் நடக்கும்.

முதல் நாள்: 6 நிமிட நடைப் பரிசோதனை இருக்கும். சமதளமான வராந்தாவில் 6 நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கறீங்கன்னு அளப்பாங்க. நடுவில் நின்று ஓய்வெடுக்கலாம், தப்பில்லை. விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டி ஆக்ஸிஜன் அளவையும் நாடித்துடிப்பையும் பார்ப்பாங்க.

நடைப் பயிற்சி: ஆரம்பத்தில் 5 நிமிஷம்கூட போதும். இடையிடையே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக 20 முதல் 30 நிமிஷம் வரை கூட்டுவாங்க. மூச்சுத்திணறலுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டால், 3 அல்லது 4 வரை இருக்கலாம். எளிமையா சொன்னா, நடக்கும்போது பேச முடியணும், ஆனா பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கணும். கொஞ்சம் மூச்சு வாங்கினால் பயப்பட வேண்டாம். பயிற்சி வேலை செய்வதன் அடையாளம் அது.

தசைப் பயிற்சி: நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது போன்றவை. தலை வாருவதற்கும் துணி காயப்போடுவதற்கும் கை பலம் வேண்டுமே!

சளி வெளியேற்றும் பயிற்சி: தொடர்ந்து இருமி இருமிக் களைத்துப்போகாமல், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல வாயைத் திறந்து "ஹா" என்று காற்றைத் தள்ளச் சொல்லித்தருவாங்க.

மூச்சுத்திணறல் அதிகமாகி மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பியவங்க, 4 வாரத்துக்குள் இந்தப் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. மறுபடி அட்மிட் ஆகும் வாய்ப்பு குறைகிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே "பிசியோதெரபி எப்போ ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டுடுங்க.

இன்னைக்கே வீட்டில் பழகலாம்

உதடு குவித்து மூச்சு விடுதல்

1. தோள்களைத் தளர்த்தி உட்காருங்க.
2. வாயை மூடி, மூக்கு வழியாக "ஒண்ணு, ரெண்டு" எண்ணி மூச்சை இழுங்க.
3. சூடான டீயை ஊதி ஆத்துற மாதிரி உதட்டைக் குவிச்சு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" எண்ணி மெதுவா விடுங்க. வேகமாக ஊத வேண்டாம்.

இப்படி விடும்போது மூச்சுக் குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல், தேங்கிய காற்று வெளியேறும். திணறல் இல்லாத நேரத்தில் பழகுங்க. அப்போதான் திணறும்போது கைகொடுக்கும்.

திணறும்போது: நாற்காலியில் உட்கார்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் வையுங்க. நின்றபடி இருந்தால் சுவரிலோ மேசையிலோ கையை ஊன்றுங்க. நேராகப் படுத்தால் திணறல் கூடலாம்.

படி ஏறும்போது: நின்று மூச்சை இழுங்க. மூச்சை விட்டுக்கொண்டே ஒன்றிரண்டு படி ஏறுங்க. பளு தூக்குவதற்கும் இதே விதிதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு எந்த வேலையும் செய்யாதீங்க.

குளிக்கும்போது: ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளியுங்க. மிச்சமாகும் தெம்பை நடைக்கு வச்சுக்கோங்க.

இதைக் கவனிங்க

நெஞ்சு வலி, தலைசுற்றல், மயக்கம், படபடப்பு வந்தால் உடனே நிறுத்துங்க. பொதுவாக ஆக்ஸிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பயிற்சியை நிறுத்தி ஓய்வு கொடுப்பாங்க. உங்களுக்கான அளவு என்னன்னு மருத்துவரிடம் கேட்டு எழுதி வச்சுக்கோங்க. வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவங்க, அதன் அளவை நீங்களாகவே கூட்ட வேண்டாம்.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், காய்ச்சல் வந்தால், வழக்கத்தைவிட அதிகமாக இரைத்தால் பயிற்சியை நிறுத்திட்டு மருத்துவரைப் பாருங்க. உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ, குழப்பமாகப் பேசினாலோ தாமதிக்காமல் 108-ஐ அழைங்க.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவங்க மருத்துவர் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. "பயிற்சி செய்றோமே" என்று இன்ஹேலரை நிறுத்தவும் கூடாது. இரண்டும் சேர்ந்ததுதான் சிகிச்சை.

எங்கே போகணும்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. முதலில் பொது மருத்துவம் அல்லது நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டி, சீட்டில் "மூச்சுப் பயிற்சி, பிசியோதெரபி" என்று எழுதி வாங்கிக்கோங்க.

நடந்து வர முடியாத நிலையா? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுபவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார். உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீடு தேடி வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ சொல்லுங்க. மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். இ-சஞ்சீவனி மூலம் வீடியோவில் மருத்துவரிடம் இலவசமாகப் பேசலாம்.

கையில் எடுத்துட்டுப் போக வேண்டியவை: பழைய ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட், பயன்படுத்தும் இன்ஹேலர்.

உங்க போனும் உதவும்: தினமும் எத்தனை நிமிஷம் நடந்தாங்க, எத்தனை தடவை நின்றாங்க, ஆக்ஸிஜன் அளவு எவ்வளவு என்று குறித்து வையுங்க. வீட்டில் நடக்கும்போது எப்படித் திணறுறாங்கன்னு ஒரு சின்ன வீடியோ எடுத்துக் காட்டினால், பிசியோதெரபிஸ்டுக்குப் பயிற்சியைத் திட்டமிட வசதியாக இருக்கும்.

புகைப்பழக்கத்தை விட நினைக்கிறவங்க 1800 11 2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணை அழைக்கலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். 8 வாரம் முடிஞ்சதும் நிறுத்திடாதீங்க. நிறுத்தினால் கிடைத்த பலனும் மெல்லக் கரைந்துவிடும். நாளைக்குக் காலையில் அப்பா தண்ணி கேட்டா, சொம்பை எடுத்து நீட்டுறதுக்கு முன்னாடி கையை நீட்டுங்க: "வாங்கப்பா, சேர்ந்தே போய் எடுத்துக்கலாம்." நாலு அடிதான், பரவாயில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு, அதை நாற்பது அடியாக்கலாம்.