குற்றவியல் நீதித் துறையில் முனைவர் பட்டம்: விண்ணப்பிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தடுப்புக் காவல் மரணம், குண்டர் கும்பல், சொஸ்மா கைது என்றாலே இந்தியச் சமூகத்தில் கோபம் எழுகிறது, அறிக்கைகள் வெளிவருகின்றன, சில வாரங்களில் பேச்சு அடங்கிவிடுகிறது. பிடிபட்டவர்கள் எந்த வயதினர், எந்த வகுப்பில் பள்ளியை விட்டனர், வழக்கறிஞர் இல்லாமல் எத்தனை முறை நீதிமன்றம் ஏறினர், வெளியே வந்தபின் யார் வேலை கொடுத்தார்கள் என்று கேட்டால், பதில் சொல்ல முறையான ஆய்வு வேண்டும். அந்த ஆய்வைச் செய்யும் தகுதியைத் தருவதுதான் குற்றவியல் நீதித் துறையின் முனைவர் பட்டம்.

பட்டதாரி ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், போலீஸ் மற்றும் சிறைத்துறை அதிகாரிகள், நன்னடத்தை அதிகாரிகள், சமூக நல ஊழியர்கள் எனப் பலரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், என்ன படிக்கிறோம், எதற்காகப் படிக்கிறோம் என்ற தெளிவு முதலில் தேவை.

இது என்ன படிப்பு?

குற்றம் ஏன் நடக்கிறது என்று ஆராய்வது குற்றவியல். குற்றம் நடந்தபின் போலீஸ், அரசுத் தரப்பு, நீதிமன்றம், சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவை எப்படி இயங்குகின்றன என்று ஆராய்வது குற்றவியல் நீதி. பல பல்கலைக்கழகங்களில் இவ்விரண்டும் ஒரே துறையில் இருக்கும். கைரேகை, மரபணுச் சோதனை போன்றவை தடய அறிவியலைச் சேர்ந்தவை. அது வேறு படிப்பு.

இந்தப் பட்டம் ஒருவரை வழக்கறிஞராக்காது. போலீஸ் அதிகாரியாகவும் ஆக்காது. விரிவுரையாளர், ஆய்வாளர், கொள்கை வகுப்பாளர், அரசு சாரா இயக்கங்களின் ஆய்வுப் பொறுப்பாளர் போன்ற வேலைகளுக்கே இது வழி. பிள்ளை ‘டாக்டர்’ ஆகப் போகிறான் என்று மகிழும் பெற்றோருக்கும் இதை முன்கூட்டியே விளக்கிச் சொல்வது நல்லது.

அடிப்படைத் தகுதி

மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் இளங்கலை 6-ஆம் நிலை, முதுகலை 7-ஆம் நிலை, முனைவர் பட்டம் 8-ஆம் நிலை. உள்நாட்டில் முனைவர் படிப்புக்குப் பொதுவாக முதுகலைப் பட்டம் கேட்கப்படும். அது குற்றவியலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சட்டம், சமூகவியல், உளவியல், பொது நிர்வாகம் படித்தவர்களும் தங்கள் ஆய்வுத் தலைப்பு இத்துறையோடு பொருந்தினால் விண்ணப்பிக்கலாம்.

முதுகலை இல்லாதவர்கள் அதையே முதல் படியாக எடுத்துக்கொள்ளலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்டப் புலத்தில் குற்றவியல் நீதிக்கென முதுகலைப் படிப்பு உண்டு. நீண்டகாலப் பணி அனுபவம் இருந்தும் இளங்கலைப் பட்டம் இல்லாத 30 வயதுக்கு மேற்பட்டவர்கள், ‘ஏபெல்’ எனப்படும் முன் அனுபவ மதிப்பீட்டின் வழி முதுகலையில் சேர முடியுமா என்று விசாரிக்கலாம்.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே பல துறைகள் இளங்கலை முடித்தவரை நேரடியாகவே முனைவர் படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன. முதலில் பாடங்கள், பிறகு தகுதித் தேர்வு, அதன் பிறகே ஆய்வேடு. ஆகவே நான்கு முதல் ஆறு ஆண்டுகள் பிடிக்கலாம். ஆல்பனியில் 1968-இல் தொடங்கிய குற்றவியல் நீதிப் பள்ளி அங்கே இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் கழகம் 1959-இல் நிறுவப்பட்டது. பிரிட்டன் முறையில் பெரும்பாலும் நேராக ஆய்வுதான். மூன்று முதல் நான்கு ஆண்டுகள். ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகம் இத்துறைக்குப் பெயர் பெற்றது.

ஆய்வு முன்மொழிவே உயிர்நாடி

மலேசியாவிலும் பிரிட்டனிலும் விண்ணப்பத்தின் கனம் முழுவதும் ஆய்வு முன்மொழிவில்தான் இருக்கிறது. நல்ல மதிப்பெண் பெற்றவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். காரணம், தலைப்பு அகலமாக இருப்பதுதான்.

‘மலேசிய இந்திய இளைஞர்களும் குற்றமும்’ என்பது மேடைப் பேச்சுக்கான தலைப்பு. மூன்று ஆண்டில் ஒருவரால் அதை ஆராய முடியாது. அதையே சுருக்கிப் பார்க்கலாம். 2001-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின்படி 18 வயதுக்குக் குறைந்தவர் சிறுவர். அவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஒரு மாவட்டத்தில் அப்படிக் கண்காணிப்பில் விடப்பட்ட பிள்ளைகளில் யார் மீண்டும் பள்ளிக்குத் திரும்பினார்கள், யார் திரும்பவில்லை, ஏன்? இது ஆராயக்கூடிய கேள்வி. விடை கிடைத்தால் பள்ளிக்கும் பயன், சமூக நலத் துறைக்கும் பயன்.

முன்மொழிவில் நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: கேள்வி என்ன, இதுவரை மற்றவர்கள் என்ன கண்டறிந்தார்கள், விடையை எந்த முறையில் தேடப் போகிறோம், தரவு எங்கிருந்து வரும். புள்ளிவிவரத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் குற்றப் புள்ளிவிவர அறிக்கை நல்ல தொடக்கம். ஆனால் அது மட்டும் போதாது. கைதிகளையோ சிறுவர்களையோ நேர்காண வேண்டுமென்றால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. சிறைக்குள் நடக்கும் ஆய்வுக்குச் சிறைத்துறையின் அனுமதியும் தேவை. அனுமதி தாமதமானாலோ மறுக்கப்பட்டாலோ என்ன செய்வது என்ற மாற்றுத் திட்டமும் முன்மொழிவில் இருந்தால் தேர்வுக் குழுவுக்கு நம்பிக்கை பிறக்கும்.

தமிழ் தெரிந்த ஆய்வாளருக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த ஒரு தாய், மகன் கைதான இரவைப் பற்றித் தமிழில் பேசுவது போல் வேறு மொழியில் பேசமாட்டார். அந்த அனுகூலத்தை முன்மொழிவில் தயங்காமல் எழுதலாம். அதே வேளையில், சொன்னவரின் பெயர் வெளியே தெரியாமல் காப்பதும் ஆய்வாளரின் கடமை.

மேற்பார்வையாளரைத் தேடுவது

விண்ணப்பப் பாரத்தை நிரப்பும் முன்பே மேற்பார்வையாளரைத் தேட வேண்டும். பல்கலைக்கழக அகப்பக்கத்தில் விரிவுரையாளர்களின் ஆய்வுத் துறைகள் இருக்கும். பொருத்தமானவரின் ஓரிரு கட்டுரைகளைப் படித்துவிட்டு, ஒரு பக்கத்துக்கு மிகாமல் மின்னஞ்சல் அனுப்பலாம். தன் பின்னணி, ஆய்வுக் கேள்வி, அவருடைய ஆய்வோடு அதற்குள்ள தொடர்பு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஒரே கடிதத்தை இருபது பேராசிரியர்களுக்கு அனுப்பினால் படித்தவுடனே தெரிந்துவிடும். இரண்டு, மூன்று வாரங்களில் பதில் வராவிட்டால் ஒருமுறை பணிவாக நினைவூட்டுவதில் தவறில்லை.

பரிந்துரைக் கடிதம் தருபவர், மாணவரின் எழுத்தையும் சிந்தனையையும் அறிந்தவராக இருக்க வேண்டும். அரசியல் தலைவரின் கடிதத்தைவிட, முதுகலை ஆய்வேட்டை மேற்பார்வையிட்ட விரிவுரையாளரின் கடிதமே எடை கூடியது. கடிதம் எழுத அவருக்குக் குறைந்தது ஒரு மாத அவகாசம் தர வேண்டும்.

வெளிநாட்டுக்குச் செல்வோர் ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது டோஃபெல் தேர்வு எழுத வேண்டியிருக்கும். அதன் முடிவு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். ஜி.ஆர்.இ. தேர்வைச் சில அமெரிக்கத் துறைகள் கேட்கின்றன, சில கேட்பதில்லை. அங்கே ஆகஸ்டு மாத சேர்க்கைக்கு முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே பெரும்பாலும் விண்ணப்பம் முடிந்துவிடும். அதனால் ஓராண்டுக்கு முன்பே தயாராவது அவசியம்.

பணத்துக்கு என்ன வழி?

குடும்பங்கள் தயங்குவது இங்கேதான். அமெரிக்காவில் பல துறைகள் முழுநேர முனைவர் மாணவருக்குக் கட்டண விலக்கும் மாதப் படியும் தந்து, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளராக வேலை வாங்குகின்றன. சேர்க்கை கிடைத்தும் நிதி கிடைக்காவிட்டால், கடன் வாங்கிப் போவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். உள்நாட்டில், ஆய்வு மானியம் பெற்ற விரிவுரையாளர்கள் மாணவரை ஆய்வு உதவியாளராகச் சேர்த்து மாதப் படி தருவதுண்டு. மின்னஞ்சலிலேயே இதைக் கேட்கலாம். உயர்கல்வி அமைச்சின் மைபிரெய்ன் உதவி அந்த ஆண்டில் திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஊழியர் சேமநிதியில் கல்விக்காகப் பணம் எடுக்க வழியுண்டு. ஆனால் அது ஓய்வுக்காலப் பணம். குறிப்பாக, அப்பா அம்மாவின் சேமநிதியைத் தொடும் முன் மற்ற எல்லா வழிகளையும் முயன்று பார்க்க வேண்டும். வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரமாகப் படிக்கலாம். காலம் கூடும், ஆனால் சம்பளம் நிற்காது.

போலிகளிடம் கவனம்

சில மாதங்களில் முனைவர் பட்டம், ஆய்வேடே தேவையில்லை, பட்டமளிப்பு ஹோட்டலில் என்றெல்லாம் விளம்பரம் வந்தால் விலகி நிற்பதே நல்லது. உள்நாட்டுப் படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்பதை மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் எவரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். நீதிமன்றத்திலோ நாடாளுமன்றக் குழு முன்போ சாட்சியம் சொல்லும் நாள் வந்தால், எதிர்த்தரப்பு முதலில் கேட்பது பட்டம் எங்கே பெற்றது என்பதைத்தான். போலிப் பட்டம் அந்த இடத்தில் வைத்திருப்பவரை மட்டுமல்ல, அவர் யாருக்காகப் பேச வந்தாரோ அவர்களின் வழக்கையும் சேர்த்தே கவிழ்த்துவிடும்.

அடுத்த ஆண்டு சேர நினைப்பவர்கள் இந்த மாதமே இரண்டு வேலைகளைத் தொடங்கலாம்: ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பது, அதோடு பொருந்தும் மூன்று விரிவுரையாளர்களின் பெயரைக் குறித்து வைப்பது. விண்ணப்பப் பாரத்தைப் பிறகு நிரப்பலாம்.