மாத்திரைக்கும் மாத்திரைக்கும் இடையே

காலை ஆகாரம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர் நாலைந்து மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி ஒரே வாயில் விழுங்கிவிடுவது இந்நாளில் சர்வசாதாரணமான காட்சி. "ஆயிற்று, வேலை முடிந்தது" என்று தம்ளரைக் கீழே வைக்கிறார். வயிற்றுக்குள்ளோ அப்போதுதான் வேலை ஆரம்பமாகிறது!

நம் சிற்றப்பாவுக்கு ரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்திருக்கிறதென்று வைத்தியர் ரோசுவாஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தார். தவறாமல் சாப்பிட்டும் எதிர்பார்த்த குணம் தெரியவில்லை. மருந்தின் அளவைக் கூட்டலாமா என்று வைத்தியர் யோசித்தபோதுதான் விஷயம் வெளியாயிற்று. புளியேப்பத்துக்காகத் தாமே கடையில் வாங்கிய மருந்தையும் அவர் கூடவே சாப்பிட்டு வந்திருக்கிறார். "அது மருந்தா என்ன? வெறும் உப்புத்தானே!" என்றார்.

அந்த உப்பைத்தான் சற்றுக் கவனிக்க வேண்டும்.

1973-இல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஒரு பூஞ்சைக் காளானிலிருந்து இவ்வகை மருந்துகளின் மூலப்பொருளைக் கண்டெடுத்தார். கல்லீரல் கொலஸ்டிராலை உற்பத்தி செய்வதை இவை மட்டுப்படுத்துகின்றன. ஆனால் மருந்து ரத்தத்தில் சேர்ந்தால்தானே அங்கே போய் வேலை செய்யும்? அலுமினியம், மெக்னீசியம் ஆகியவற்றின் ஹைட்ராக்சைடு கலந்த புளியேப்ப மருந்தை உடன் அருந்தினால், ரத்தத்தில் சேரும் ரோசுவாஸ்டாட்டின் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. ஆகவே அதை ரோசுவாஸ்டாட்டின் சாப்பிட்டு 2 மணி நேரம் சென்ற பிறகே அருந்த வேண்டும் என்பது விதி. அடோர்வாஸ்டாட்டினுக்கும் ரத்த அளவு சுமார் 35 சதவிகிதம் குறைகிறதாயினும், கொலஸ்டிராலைத் தணிக்கும் பலன் குன்றுவதில்லை. ஒரே குடும்பத்து மருந்துகளாயினும் குணம் வேறு!

தாது உப்புக்கள் கலந்த சத்து மாத்திரைகள் பலவற்றிலும் மெக்னீசியம் உண்டு. எனவே, சீட்டில் இல்லாத மாத்திரைகளையும் வைத்தியரிடம் எடுத்துக் காட்டுவதே விவேகம். இல்லாவிடில், அளவு வீணே உயரும். அளவு உயர உயரத் தசைவலி முதலிய தொல்லைகளுக்கும் இடமுண்டு. அதற்காகப் பயந்து மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவதோ அதைவிடப் பெரிய பிசகு. காக்கப்பட வேண்டியது இருதயமல்லவா?

வகுப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்தால் குறும்பு செய்யும் இரு பிள்ளைகளை நாம் வெளியே துரத்துவதில்லை. தள்ளி உட்கார வைக்கிறோம். இருவரும் சமர்த்தாகிவிடுகிறார்கள். சிற்றப்பா வீட்டு மாத்திரைகளையும் அவ்வாறே பிரித்து வைத்தோம். அடுத்த பரிசோதனையில் கொலஸ்டிரால் சற்று இறங்கியிருந்தது. மருந்தைக் கூட்டும் அவசியம் நேரவில்லை.

இன்று மாலை உங்கள் வீட்டு மாத்திரைப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்களேன்!