நிலையம் ஓரிடத்தில், இயக்குபவர் வேறிடத்தில்: தொலைவிலிருந்து இயங்கும் ஹாம் வானொலி

கனடாவின் மொன்றியல் நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வாழும் ஒருவர் ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலி நிலையத்தை அமைக்க விரும்பினால், ஆண்டெனாவை எங்கே கட்டுவது என்பதே அவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி. 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கான எளிய அரையலை ஆண்டெனாவே ஏறத்தாழ 20 மீட்டர் நீளமானது. அதற்கு இடம் கிடைத்தாலும், எல்இடி விளக்குகள், மின்னேற்றிகள், மின்தூக்கிகள் ஆகியவை எழுப்பும் மின்னிரைச்சலில் தொலைதூரச் சமிக்ஞைகள் மூழ்கிவிடுகின்றன.

இந்த நகரத்துக்கும் வானொலிக்கும் நீண்ட உறவு உண்டு. 1920ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி, மொன்றியலில் இயங்கிய மார்க்கோனி நிறுவனத்தின் எக்ஸ்டபிள்யூஏ நிலையம் ஒலிபரப்பிய நிகழ்ச்சியை ஒட்டாவாவில் கூடியிருந்த அறிஞர்கள் கேட்டனர். மொன்றியலைத் தலைமையகமாகக் கொண்ட ரேடியோ கனடா இன்டர்நேஷனல் 2012ஆம் ஆண்டு தனது சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. ஆனால் அமெச்சூர்களின் சிற்றலை உரையாடல்கள் நிற்கவில்லை. இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

இடப் பிரச்சினைக்குப் பலர் கண்டுள்ள தீர்வு, நிலையத்தை நகருக்கு வெளியே, இரைச்சல் குறைந்த இடத்தில் அமைத்து, இணையம் வழியாக வீட்டிலிருந்தே இயக்குவது. ஒலியை எண்ணிம வடிவில் கொண்டுசெல்ல நொடிக்குச் சில பத்துக் கிலோபிட் வேகமே பெரும்பாலும் போதும். வேகத்தைவிடத் தாமதமும் இணைப்பின் நிலைத்தன்மையுமே முக்கியம். நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் பேச்சுக்குத் தடையாகாது. மோர்ஸ் குறியீட்டை அனுப்பும்போது அது தொல்லை தரும்.

ஆளில்லா நிலையத்தில் பாதுகாப்பே முதன்மையான விடயம். அலைபரப்பி இயங்கிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், அது தானாகவே அணைய வேண்டும். இல்லையேல் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமல் அது அலைவரிசையை அடைத்துக்கொண்டிருக்கும். இதற்காக நேரக் கட்டுப்பாட்டுக் கருவியும், மின்சாரத்தைத் தொலைவிலிருந்தே துண்டிக்கும் தனி ஆளியும் பொருத்தப்படுகின்றன. மின்னல் காப்பும், பிறர் உட்புகாதபடி கடவுச்சொல்லுடன் கூடிய மறையாக்கப்பட்ட இணைய இணைப்பும் அவசியம். எனினும் இந்த மறைப்பு இணையப் பாதைக்கு மட்டுமே. வானலையில் அமெச்சூர்கள் பேசுவதை எவரும் கேட்கலாம்; பொருளை மறைக்கும் இரகசியக் குறியீடுகளுக்கு அங்கு அனுமதியில்லை.

கனடாவில் அமெச்சூர் வானொலியை மத்திய அரசின் புத்தாக்க, அறிவியல் மற்றும் பொருளாதார மேம்பாட்டுத் துறை நெறிப்படுத்துகிறது. அடிப்படைத் தேர்வில் 70 சதவீத மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. 80 சதவீதம் பெற்றால் 30 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைவான அலைவரிசைகளும் திறக்கும். நிலையான வானொலி நிலையங்களைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்துவது, மேம்பட்ட தகுதி பெற்றோருக்குரிய உரிமைகளில் ஒன்றாகவே நீண்டகாலமாக விதிகளில் இடம்பெற்றுவந்துள்ளது. எனவே கருவி வாங்குமுன் நடப்பு விதிகளைப் படிப்பது நல்லது.

ஆயினும், இந்த வசதியின் மையத்தில் ஒரு முரண்பாடு இருக்கிறது. மற்றத் தொடர்புகள் செயலிழக்கும்போது கைகொடுப்பது என்பதே அமெச்சூர் வானொலிக்குச் சமூகம் தரும் மதிப்பின் அடிப்படை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கியபோது, அந்தமானின் போர்ட் பிளேயரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான இந்திய அமெச்சூர் குழு, துண்டிக்கப்பட்ட தீவுகளின் செய்திகளை வெளியுலகுக்குக் கொண்டுசேர்த்தது. அங்கு இயக்குபவரும் கருவியும் ஒரே இடத்தில் இருந்தனர். இடையில் இணையம் தேவைப்படவில்லை.

மொன்றியலுக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. 1998ஆம் ஆண்டு ஜனவரியில் பெய்த உறைமழையின் பாரம் தாங்காமல் மின்கோபுரங்கள் சரிந்தன. கியூபெக்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் செயலிழந்தன. 2022ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு முடங்கியபோது, கனடாவெங்கும் ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் தொடர்பிழந்தனர். அத்தகைய நாளில், இணையத்தை மட்டும் நம்பிய தொலைநிலையம் நல்ல நிலையில் இருந்தாலும் அதன் உரிமையாளரால் அதை எட்ட முடியாது.

ஆகவே, தொலைவிலிருந்து இயக்குவது இடமில்லாதவர்களுக்கு வானலையைத் திறந்துவிடும் வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை அவசரகால ஏற்பாடாகவும் கருதுவோர், நிலையத்தில் மாற்று மின்சாரமும், இணையத்தைச் சாராத இரண்டாவது இணைப்பும், வீட்டில் மின்கலத்தில் இயங்கும் சிறிய வானொலிக் கருவி ஒன்றும் வைத்திருக்க வேண்டும். இவை இல்லாத தொலைநிலையம், மற்ற எல்லாம் இயங்கும்வரை மட்டுமே இயங்கும்.