சொன்னதைச் செய்யும் பெட்டி

விளையாட்டுப் பொருளொன்றைக் கையிற் கொடுத்தால், இது என்ன செய்யும் என்று பிள்ளை கேட்பது வழக்கம். 1980களின் தொடக்கத்தில் பிரித்தானிய வீடுகளுள் நுழைந்த கணனிப் பெட்டியோ அக்கேள்வியைப் பிள்ளையிடமே திருப்பிக் கேட்டது. ஆளியைப் போட்டதும் திரையில் சிறு குறியொன்று தோன்றும், அவ்வளவே. படமும் இல்லை, பாட்டும் இல்லை. கட்டளை வரும்வரை பெட்டி வாளாவிருந்தது. அந்த வெறுமையே ஒரு தலைமுறைச் சிறுவர்க்கு ஆசானாயிற்று.

அதற்கு முன்னர் கணனி என்பது பல்கலைக்கழகங்களிலும் பெரும் வணிக நிலையங்களிலும் அறை நிறைய நின்ற இயந்திரம். அதனோடு பேசுவதற்குரிய மொழியும் வல்லுநர்க்கே உரியதாயிருந்தது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர்களான ஜோன் கெமனி, தோமஸ் கேர்ட்ஸ் ஆகிய இருவரும், கணிதம் பயிலாத மாணவரும் கையாளத்தக்க எளிய மொழியொன்றை ஆக்கினர். அதுவே பேசிக். பதினேழு ஆண்டுகளின் பின் அம்மொழி சிறுவரின் படுக்கையறை வரை வந்து சேர்ந்தது.

1981 மார்ச்சில் வெளிவந்த சின்கிளயர் இசட்எக்ஸ் 81 என்னும் கணனியின் விலை ஏறத்தாழ 70 பவுண். உதிரிப் பாகங்களை வாங்கித் தாமே பொருத்திக்கொள்வோர்க்கு 50 பவுண். இதற்கெனத் தனித் திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே திரை. எழுதியதைச் சேமித்து வைக்கச் சாதாரண ஒலிப்பதிவு நாடாவே ஏடு. தந்தையார் செய்தி பார்க்க அமர்ந்தாராயின் பிள்ளையின் வேலை அந்த இடத்திலே நிற்கும். நாடாவிற் பதியுமுன் ஆளியை அணைத்துவிட்டாலோ, அன்று எழுதியது அனைத்தும் போயிற்று.

அதன் நினைவகம் கொண்டது 1,024 எழுத்துக்கள். ஓர் அஞ்சலட்டையில் நெருக்கி எழுதக்கூடிய அளவு என்று கொள்ளலாம். அதிலும் ஒரு பங்கை இயந்திரம் தன் சொந்த அலுவலுக்கு எடுத்துக்கொள்ளும். எஞ்சிய இடத்துள் ஒரு விளையாட்டை அமைக்க முயன்ற சிறுவன் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணிச் செலவிட்டான். சிக்கனத்தை இவ்வளவு நன்றாகக் கற்பித்த பாடநூல் வேறு இருந்ததா என்பது ஐயமே.

பேசிக் மொழியில் ஒவ்வொரு கட்டளை வரிக்கும் ஓர் இலக்கம் உண்டு. 10, 20, 30 என்று பத்துப் பத்தாக இலக்கமிடுவர். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏன் இடுவதில்லை? இடையில் ஏதேனும் மறந்துபோகும் என்பது எழுதுவோர்க்கு முன்னரே தெரியும். மறந்ததை 15 என இலக்கமிட்டு நுழைத்துக்கொள்ளலாம். பத்தாம் வரியில் ஒரு பெயரைத் திரையில் எழுதுமாறு கட்டளை. இருபதாம் வரியில் பத்தாம் வரிக்குத் திரும்புமாறு கட்டளை. இந்த இரண்டே வரிகளால் அப்பெயர் ஓயாது திரையிலே ஓடிக்கொண்டிருக்கும். கடைகளிற் காட்சிக்கு வைத்த கணனிகளில் இவ்விரு வரிகளையும் எழுதிவிட்டு நழுவுவது அக்காலச் சிறுவரின் குறும்பு. நச்சரிப்புத்தான், ஆயினும் சுழற்சி என்னும் பெருங் கருத்தொன்று அக்குறும்பினுள்ளே அடங்கியிருந்தது.

கணனிச் சஞ்சிகைகள் பக்கம் பக்கமாகக் கட்டளை வரிகளை அச்சிட்டு வந்தன. அவற்றைப் பார்த்து மணிக்கணக்காகத் தட்டெழுதியபின், ஒரு காற்புள்ளி தவறினும் இயந்திரம் நின்றுவிடும். பீபீசீ மைக்ரோ என்னும் கணனி இத்தகைய வேளைகளில் "நாற்பதாம் வரியிற் பிழை" என்பது போன்று சுருக்கமாக அறிவிக்கும். பிழை யாதென்று விளக்காது. நாற்பதாம் வரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுத் தேட வேண்டியது பிள்ளையின் பொறுப்பு. தேடும்போதுதான் அவ்வரி என்ன செய்கிறது என்பது விளங்கத் தொடங்கும்.

வானொலிக்கும் இதிற் பங்குண்டு என்பது நேயர்க்கு வியப்பளிக்கலாம். நாடாவிற் பதிந்த கட்டளைகள் உண்மையில் உயர்ந்தும் தாழ்ந்தும் கீச்சிடும் ஒலிகளே. ஒலியாயின் அதனை ஒலிபரப்பலாம் அல்லவா? நெதர்லாந்து வானொலி அவ்வாறே செய்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கணனிகள் வெவ்வேறு வகைப் பேசிக் பேசியமையால், யாவற்றுக்கும் பொதுவான பேசிக்கோட் என்ற முறை வகுக்கப்பட்டது. நேயர்கள் அந்த இரைச்சலை நாடாவிற் பதிந்து தத்தம் கணனிக்கு ஊட்டினர். பின்னர் பிரித்தானிய வானொலியிலும் இம்முறை கையாளப்பட்டது.

கேம்பிறிட்ஜ் நகரின் ஏகோர்ன் நிறுவனம் ஆக்கிய பீபீசீ மைக்ரோ, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கணனிக் கல்வித் திட்டத்துக்கென 1981 டிசம்பரில் வெளிவந்தது. அதனையொட்டிய தொலைக்காட்சித் தொடர் 1982 சனவரியில் ஆரம்பமாயிற்று. 12,000 பெட்டிகள் விலைபோகும் என்று எதிர்பார்த்த இடத்தில் 15 இலட்சத்துக்கும் மேல் விலைபோயின. பாடசாலைகள் கணனி வாங்குவதற்கான செலவில் பாதியை அரசாங்கம் ஏற்றது. இவ்வுதவி இல்லையேல், அந்த மைக்ரோவின் பெரிய வகைக்கு 399 பவுண் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைகள் அதனைத் தொட்டே இருக்கமாட்டார்கள்.

எல்லார்க்கும் ஒரே அளவிற் கிட்டிய பேறு இதுவன்று. விளம்பரங்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளை நோக்கியே எழுந்தன. பெட்டியும் தமையனின் அறைக்கே சென்றது. அமெரிக்காவில் கணனி விஞ்ஞானப் பட்டம் பெற்றோருள் பெண்களின் பங்கு 1984 அளவில் நூற்றுக்கு 37 வரை உயர்ந்து, அதன்பின் வீழ்ந்தது. வீட்டுக் கணனியை ஆண்பிள்ளையின் உடைமையாக்கிய வழக்கத்தை அவ்வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் ஒன்றாகப் பலர் கருதுவர். இக்கருத்தைப் புறக்கணிப்பதற்கில்லை.

1990களில் நிலைமை மாறியது. ஆளியைப் போட்டவுடன் படங்களும் விளையாட்டுக்களும் ஆயத்தமாகத் தோன்றின. கட்டளை எழுத வேண்டிய தேவை பிள்ளைக்கு இல்லாது போயிற்று. இதன் விளைவைக் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஏபன் அப்டன் என்பவர் 2000களின் நடுப்பகுதியிற் கண்டார். கணனி விஞ்ஞானம் பயில விண்ணப்பிப்போர் தொகை குறைந்தது. வந்தவருள்ளும் முன்னரே கட்டளை எழுதிப் பழகியோர் அருகினர். அவரும் நண்பர்களும் ஆக்கிய ராஸ்பெரி பை என்னும் சிறு கணனி 2012 பெப்ரவரி 29இல் 35 டொலர் விலைக்கு வெளிவந்தது. உறையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை, வெறும் பலகை, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்திக்கொள்ள வேண்டியது. அதன் வகைகளுக்கு ஏ, பி என்று பெயரிட்டனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் பீபீசீ மைக்ரோவின் இரு வகைகளுக்கும் இருந்த பெயர்கள் அவையே.